உமேதாவில் தொலைந்து போகலாம் வாங்க

ஜப்பான் என்றாலே எல்லோரும் ரயில் நேரத்துக்கு வரும் கதையைத்தான் சொல்வார்கள். வருகிறது, மறுக்கவில்லை. ரயிலை விட்டு இறங்கிய பிறகு என்ன ஆகிறது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

ஒசாகாவின் உமேதா பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பல ரயில் நிலையங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்றின் பெயர் ஒசாகா. இன்னொன்று உமேதா. அப்புறம் ஹிகாஷி உமேதா, நிஷி உமேதா, அதாவது கிழக்கு, மேற்கு. போதாக்குறைக்கு 2019-ல் ஹான்க்யூ, ஹான்ஷின் என்ற இரண்டு தனியார் ரயில்களின் நிலையங்களும் 'ஒசாகா உமேதா' என்று பெயர் மாறின! இவற்றை இணைப்பவை பூமிக்கடியில் ஓடும் கடைவீதிகள். எங்கு திரும்பினாலும் ஒரே மாதிரி விளக்கு, ஒரே மாதிரி கூரை. திசை பார்க்கச் சூரியனும் கிடையாது. ஜப்பான்காரர்களே இதை 'உமேதா பாதாளச் சிறை' என்று கிண்டல் செய்கிறார்கள்.

திட்டமிடத் தெரியாமல் இப்படி ஆகிவிட்டது என்று நான் நம்பவில்லை. ஹான்க்யூவின் மூலவரான கொபயாஷி இச்சிசோ 1910-ல் உமேதாவிலிருந்து ரயில் விட்டார். பாதையோரம் வயல்தான், பயணிகள் ஏது? நிலத்தை வாங்கி வீடு கட்டி, தவணை முறையில் விற்றார். பயணிகள் வந்தார்கள். 1929-ல் ரயில் வந்து நிற்கும் இடத்திலேயே பல மாடிக் கடையையும் திறந்தார். ரயில் நிலையத்தில் கடை இருப்பதாக நாம் நினைக்கிறோம். கடைக்கு ஆள் கொண்டுவர ரயில் ஓடுகிறது என்றும் சொல்லலாம் இல்லையா?

மனிதர் மோசமானவர் இல்லை. பொருளாதார மந்த காலத்தில் அந்தக் கடையின் உணவகத்துக்கு வந்தவர்கள் வெறும் சோற்றை மட்டும் வாங்கி, மேஜையில் இருந்த சாஸை ஊற்றிச் சாப்பிட்டார்களாம். கொபயாஷி அவர்களைத் துரத்தவில்லை, வரவேற்றார். இன்று கையில் காசில்லாதவன் நாளை குடும்பத்தோடு வருவான் என்ற கணக்கு. இப்போதும் ஒசாகாவில் இரவு கடை மூடும் நேரத்துக்குக் கீழ்த்தளம் போனால், சாப்பாட்டுப் பெட்டிகளில் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். மாணவர்களுக்கு அதுதான் சொர்க்கம் :-)

என் கோபம் வேறு. இந்தப் பாதாளம் கால் பலம் உள்ளவர்களுக்கானது. லிப்ட் இல்லாமல் இல்லை. ஆனால் அது எந்த மூலையில் என்று கண்டுபிடிப்பதற்குள் ஒரு பாட்டி இரண்டு முறை படி ஏறி இறங்கியிருப்பார். நகைக்கடைக்கு வழிகாட்டும் பலகை பெரிதாக இருக்கிறது. லிப்டுக்கான பலகையைக் குனிந்து தேட வேண்டும்.

உண்மையிலேயே ஏதாவது வாங்க வேண்டுமென்றால் தென்ஜின்பாஷிசுஜிக்குப் போங்கள். சுமார் 2.6 கிலோமீட்டர் நீளக் கடைத்தெரு. நேர் பாதை, சமதளம், பெரும்பாலும் மேலே கூரை. காய்கறி, பழைய புத்தகம், சூடான கொரொக்கே எல்லாம் உண்டு. தொலைந்து போகவே முடியாது. பாட்டிகள் தள்ளுவண்டியோடு நடுத்தெருவில் நின்று ஊர்க்கதை பேசுகிறார்கள். கால் வலித்தால் பாதி வழியில் ஓகிமாச்சியில் சுரங்க ரயில் ஏறிக்கொள்ளலாம்.