பழைய ஃபைல் எங்கே, மதாம்?

புதுச்சேரி அரசு அலுவலகத்தில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்த முதல் வாரம் சூப்பரின்டென்டென்ட் சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்றுதான். புதுக் கடிதத்தைத் தனியாக மேலே அனுப்பாதே; அதே விஷயமாக முன்பு எழுதியதையும் அடியில் வைத்துக் கட்டி அனுப்பு. ஓய்வு பெற்றும் இந்தப் பழக்கம் போகவில்லை. அரசியல்வாதிகள் பேசுவதைக் கேட்டாலும் கை பழைய ஃபைலைத் தேடுகிறது.

இன்று தேடியது பிரான்சின் மரின் லெ பென் அம்மையாருடைய ஃபைலை. பாரீஸ் சமாச்சாரம் நமக்கெதற்கு என்று கேட்காதீர்கள். 1962-ல் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்களின் குடும்பங்கள் இன்றும் நம் தெருக்களில் இருக்கின்றன. அந்த நாட்டு ஜனாதிபதித் தேர்தலில் அவர்களுக்கு இங்கிருந்தே ஓட்டு உண்டு. என் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. எனக்கு மிஞ்சியது பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு மட்டும். எதிர் வீட்டு அண்ணன் சொல்தா. அவர் பென்ஷன் யூரோவில் வருகிறது.

2017 தேர்தலில் லெ பென், யூரோவை விட்டுவிட்டுச் சொந்த நாணயத்துக்குத் திரும்புவோம் என்றார். அண்ணன் கலங்கிப் போனார். "தம்பி, பழையபடி பிராங்க் கொடுத்தால் நம் கைக்கு எவ்வளவு வரும்?" என்று என்னைக் கணக்குப் போடச் சொன்னார். 2022 தேர்தலில் அந்தத் திட்டமே காணோம். ஓய்வு வயது 60 என்று வருடக்கணக்கில் சொல்லி வந்ததும் சுருங்கியது. இருபது வயதுக்கு முன் வேலைக்குப் போனவர்களுக்கு 60, மற்றவர்களுக்கு 62 வரை என்றாகிவிட்டது.

"மனுஷன் மனசு மாறக் கூடாதா தம்பி?" என்றார் அண்ணன், இப்போது அந்த அம்மையாரின் பக்கம் சாய்ந்துவிட்டவர்.

மாறலாம், அண்ணே. ஆனால் ஏன் மாறியது என்று ஒரு குறிப்பு எழுதி வைக்க வேண்டும். யூரோவை மக்கள் விட விரும்பவில்லை என்று காரணம் சொன்னார்கள். அது ஓட்டுக் கணக்கு. முதலில் போட்ட கணக்கு சரியா, தப்பா? தப்பென்றால் உங்களைக் கலங்க வைத்ததற்கு யார் பொறுப்பு?

இதையாவது மறந்துவிடலாம். மறக்க முடியாத தாள் ஒன்று இருக்கிறது. 2013-ல், பட்ஜெட் மந்திரியாக இருந்த கயுசாக் ரகசிய வெளிநாட்டுக் கணக்கு விவகாரத்தில் சிக்கிய சமயம், லெ பென் தொலைக்காட்சியில் பேசினார். பதவியைப் பயன்படுத்திக் குற்றம் செய்து தண்டனை பெற்றவர்கள் ஆயுள் முழுவதும் தேர்தலில் நிற்க முடியாதபடி எப்போது செய்யப் போகிறோம் என்று கேட்டார். நல்ல கேள்வி. நான் கூடக் கை தட்டியிருப்பேன்.

2025 மார்ச் 31-ந் தேதி பாரீஸ் நீதிமன்றம் அவருக்கே தீர்ப்பு சொன்னது. ஐரோப்பியப் பாராளுமன்றம் உதவியாளர்களுக்கென்று கொடுத்த பணத்தில் கட்சி ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்த வழக்கு. நாலு வருட சிறை, அதில் இரண்டு நிறுத்திவைப்பு. தேர்தலில் நிற்க ஐந்து வருடத் தடை, உடனே அமல். அம்மையார் இதை அரசியல் தீர்ப்பு என்றார்.

அப்பீலுக்குப் போனது அவர் உரிமை. அப்பீல் முடியுமுன் தடை அமலாகலாமா என்ற கேள்வியிலும் நியாயம் உண்டு. குற்றம் செய்தாரா இல்லையா என்று சொல்ல நான் நீதிபதி இல்லை. நான் கேட்பது குமாஸ்தா கேள்வி: அடுத்தவருக்கு ஆயுள் தடை கேட்ட வாய்க்கு, தனக்கு வந்த ஐந்து வருடம் எப்படி அநியாயமாகப் பட்டது? 2013-ல் சொன்னது தவறு என்று அவர் சொல்லட்டும், மரியாதை கொடுப்பேன். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது.

யூரோ விஷயத்தில் மாறியது கொள்கை. இதில் மாறியது ஆள்தான். சட்டம் தன் வாசலுக்கு வரும்போது அளவுகோலைச் சுருக்குகிறவர் எந்த நாட்டவரானாலும், எந்தக் கட்சியானாலும், நாளைக்கு நம் விஷயத்தில் என்ன செய்வார்?

2027-ல் ஓட்டுப் போடப் போகும் அண்ணனுக்கும் மற்ற சொல்தா குடும்பங்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: யாருக்கு வேண்டுமானாலும் போடுங்கள். போடுமுன் பழைய தாளை அடியில் வைத்துப் படியுங்கள்.