எடைக்குப் போடும் முன்

மாசி மாதம் எங்கள் ஊர்க் காயலான் கடையில் ஒரு சாக்கிலிருந்து கறுத்த குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்துப் பார்த்தால் ஸ்பெக்ட்ரோமீட்டர். ஒரு கல்லூரி தன் ஆய்வகத்தைக் காலி செய்து எடைக்குப் போட்ட எட்டில் ஒன்று. மற்ற ஏழையும் அதற்குள் உடைத்துவிட்டார்கள். வார்ப்பிரும்பு அடிப்பாகங்கள் ஒரு குவியல், பித்தளைக் குழாய்கள் இன்னொரு குவியல். லென்ஸ் எங்கே என்று கேட்டேன். “கண்ணாடிக்கு வெல இல்ல சார், குப்பையில போட்டாச்சு” என்றார் கடைக்காரர்.

முப்பத்தொரு வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் நான். வயிறு எரிந்தது. அந்தக் கருவியின் வட்டத் தட்டில் அரை டிகிரிக்கு ஒரு கோடு இருக்கும். வெர்னியரைக் கொண்டு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கைப் படித்துவிடலாம். 1,500 ரூபாய் கொடுத்துத் தூக்கிவந்தேன். தையல் மிஷின் எண்ணெய், மெல்லிய துணி, இரண்டு நாள் வேலை, அவ்வளவுதான் செலவு. எதிர்வீட்டுப் பெண் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். மில்லிமீட்டருக்கு 600 கோடு உள்ள கிரேட்டிங்கை வைத்து, எரிகிற டியூப்லைட்டைப் பார்த்து, பாதரசத்தின் நீலக்கோட்டை அளந்தாள். அவளுக்கு வந்தது 437 நானோமீட்டர், புத்தகத்தில் 436. “தாத்தா, ஒண்ணுதான் வித்தியாசம்!” என்று அவள் கத்தியது தெருவுக்கே கேட்டது.

கழித்துப்போட்ட கருவியால் என்ன ஆகிவிடும் என்பவர்களுக்கு கோவிந்த் ஸ்வரூப்பைச் சொல்வேன். 1950களில் சிட்னியின் பாட்ஸ் ஹில்லில் சூரியனை ஆராய 32 டிஷ்கள் நின்றன, ஒவ்வொன்றும் ஆறடி அகலம். அவை கழிவுக்குப் போகவிருந்தபோது, அங்கே பயிற்சி பெற்ற இளைஞரான ஸ்வரூப், இந்தியாவுக்குத் தாருங்கள் என்று கேட்டார். இனாமாகவே கொடுத்தார்கள், கப்பல் கூலியை யார் கட்டுவது என்பதில்தான் இழுபறி. 1965இல் மும்பைக்கு அருகே கல்யாணில் அதே டிஷ்கள் மறுபடியும் சூரியனைப் பார்த்தன. ஸ்வரூப்பின் குழு 1970இல் உதகையை அடுத்த முத்தொரையில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியை நிறுவியது.

சிட்னியில் கேட்க ஒருவர் இருந்தார், கேட்பதற்கு முன்னால் யாரும் சம்மட்டியை எடுக்கவில்லை. இங்கே எந்தக் கல்லூரி எதைக் கண்டம் செய்கிறது என்பதே வெளியில் தெரிவதில்லை. எலெக்ட்ரானிக்ஸ் பிரியர்களுக்காவது சென்னையில் ரிச்சி தெரு இருக்கிறது. லென்ஸும் ப்ரிசமும் தேடுகிற பிள்ளை எந்தத் தெருவுக்குப் போவான்?

ஆபத்து என்பார்கள். நியாயமான பயம்தான். 2010இல் டெல்லிப் பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய கருவிக்குள் கோபால்ட்-60 இருந்தது. மாயாபுரி காயலான் கடையில் அதன் கதிர்வீச்சு பட்டு ஒரு தொழிலாளி இறந்துபோனார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விற்றதன் விளைவு அது. பட்டியல் போட்டு, விஷயம் தெரிந்தவர் சரிபார்த்துக் கொடுத்தால் இந்த ஆபத்து குறையத்தான் செய்யும். மின்கருவிகளுக்கு மின்கழிவு விதிகள் உண்டு. அவை அந்த வழியிலேயே போகட்டும். நான் கேட்பது மின்சாரமே தேவைப்படாத லென்ஸையும் தராசையும் கண்ணாடி வைத்த மைக்ரோஸ்கோப்பையும்தான்.

சட்டம் தடுக்கிறதா? மத்திய அரசு அலுவலகங்களுக்கான 2017 பொது நிதி விதிகள், மதிப்பு 2 லட்சம் ரூபாய்க்குக் குறைந்த கழிவுப் பொருளை எப்படி அகற்றுவது என்பதை உரிய அதிகாரியின் முடிவுக்கே விட்டிருக்கின்றன. மாநிலக் கல்லூரிகளுக்கும் அரசு இப்படி ஒரு வழியைத் தெளிவாக எழுதித் தர வேண்டும். முதல்வர்கள் ஏலத்துக்கு ஒரு மாதம் முன்பே பட்டியலை ஊர் நூலக வாசலில் ஒட்டட்டும். பள்ளிகளும் ஆர்வமுள்ள பிள்ளைகளும் முதலில் பார்க்கட்டும். மிஞ்சியது எடைக்குப் போகட்டும்.

அதுவரை, உங்கள் ஊர்க் காயலான் கடையில் உங்கள் போன் நம்பரைக் கொடுத்துவையுங்கள். கண்ணாடி வைத்த சாமான் எது வந்தாலும் உடைக்கும் முன் கூப்பிடச் சொல்லுங்கள். எங்கள் ஊர்க் கடைக்காரர் போன வாரம் கூப்பிட்டார். இரண்டு மைக்ரோஸ்கோப் வந்திருக்கிறதாம்.