வருமுன் எடுக்க வேண்டிய கணக்கு

வானிலே மேகமில்லை, வாசலிலே வெள்ளம்! விந்தையாகத் தோன்றும், தோழர்களே! ஆனால் குமாரபாளையத்தாரையும் பள்ளிபாளையத்தாரையும் கேளுங்கள். கண்ட காட்சி என்பார்கள். குடகிலும் வயநாட்டிலும் மழை கொட்டும். கிருஷ்ணராஜசாகரும் கபினியும் நிரம்பி வழியும். 120 அடியைத் தொட்டுவிட்ட மேட்டூர் அணை, வருகின்ற நீரையெல்லாம் வெளியே விட்டாக வேண்டும். 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் வினாடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல் சீறி வந்தது காவிரி. கரையோரத்து எளியவர் வீடுகளிலே புகுந்தது. பெண்டு பிள்ளைகளோடு மக்கள் முகாமுக்கு நடந்தனர்.

அந்த 2018 வெள்ளத்துக்கு 19 மாதங்கள் முன்பு நிலைமை என்ன? வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு பொய்த்தது. 2017 ஜனவரி 10 அன்று, சேலமும் நாமக்கல்லும் வறட்சிப் பட்டியலிலே சேர்ந்தன. தாகத்தால் தவித்த மண்ணே, தண்ணீரால் தத்தளித்தது!

புயல் கடற்கரைக்காரர் கவலை என்று இருந்துவிடலாமா? 2024 நவம்பர் 30 அன்று புதுவைக்கருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல், கடலையே காணாத ஊத்தங்கரையிலே ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டிற்று. 1965 வரை பழைய சேலம் மாவட்டத்தோடு இருந்த ஊர் அது! ஏற்காட்டு மலைச்சாலையிலே மண் சரிந்தது, திருமணிமுத்தாறு பெருகிற்று.

மழையை நிறுத்த எவராலும் ஆகாது. ஆனால் மழை யாரை வீழ்த்துகிறது என்பதை எண்ணிப் பார்த்தீர்களா? மேட்டிலே மாடி கட்டியவன் நனைவதில்லை. பள்ளத்திலே குடியிருப்பவன் மூழ்குகிறான். ஆழ்துளைக் கிணறு தோண்டப் பணமுள்ளவன் ஒரு கோடையைத் தாண்டுகிறான். மானாவாரிக்காரன் ஆட்டையும் மாட்டையும் அடிமாட்டு விலைக்கு விற்கிறான். “ஆற்றோரத்திலே ஏன் குடியேறினாய்?” என்று கேட்பது எளிது. தறி இருக்குமிடத்திலே கூலி. கூலி இருக்குமிடத்திலே குடிசை. விலை கொடுத்து வாங்க வேறு மண்ணில்லை. கேட்பவர், மாற்று மனையைக் காட்டிவிட்டுக் கேட்கட்டும்!

சட்டம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி, மாவட்டத்துக்கொரு ஆணையம்; ஆட்சியர் அதன் தலைவர்; மக்கள் தேர்ந்தெடுத்த உள்ளாட்சிப் பிரதிநிதி இணைத் தலைவர். எந்தப் பகுதிக்கு எந்த ஆபத்து என்று மாவட்டத் திட்டத்திலே எழுத வேண்டும். ஆண்டுதோறும் அதைத் திருத்த வேண்டும். ஏட்டிலே இருக்கும் அந்தத் திட்டம், வீட்டிலே இருப்பவனுக்குத் தெரிகிறதா? நம் கேள்வி அதுதான்.

மேட்டூர் உபரிநீரைச் சேலம் மாவட்டத்தின் 100 ஏரிகளுக்கு ஏற்றும் திட்டத்துக்கு 2020இலே அடிக்கல் நாட்டப்பட்டது. வெள்ளத்தையும் வறட்சியையும் ஒரே கணக்கின் இரு பக்கமாகப் பார்த்த சிந்தனை அது. அதே சிந்தனை ஊர்தோறும் வேண்டும்.

ஆகவே, தோழர்களே! ஆட்சியர் அலுவலகத்திலே எடுக்கும் கணக்கு ஒரு பாதி. மறு பாதி உங்கள் கையிலே. எந்தத் தெருவிலே முதலில் நீர் ஏறும்? நடக்க இயலாத முதியவர் எந்த வீட்டிலே? ஏரிக்கு நீர் வரும் வாய்க்காலை அடைத்தது எது? கோடையிலே எந்தக் கிணறு கடைசியாக வற்றும்? இவை ஊராருக்குத் தெரியும்; எந்த வரைபடத்துக்கும் தெரியாது. எழுதுங்கள்; கிராம சபையிலே படியுங்கள்; தீர்மானமாக்கி அனுப்புங்கள்; மாவட்டத் திட்டத்திலே ஏறிற்றா என்று விடாது கேளுங்கள்.

வெள்ளம் வடிந்தபின் எடுக்கும் கணக்கு, இழந்ததை எண்ணும். வருமுன் எடுக்கும் கணக்கு, இருப்பதைக் காக்கும். காவிரி அடுத்த முறை கரை தொடும் நாளிலே, உங்கள் தெருவின் பட்டியல் எவர் கையிலே இருக்கும்? இன்றே எழுதத் தொடங்குங்கள்!