உறங்கச் சொல்லும் முன்

எம் மாணவி ஒருவர் எழுதிய பந்து விளையாட்டு, அவர் வீட்டுக் கணினியில் சீராக ஓடியது. கல்லூரி ஆய்வகத்தில் தவழ்ந்தது. பழைய கணினி என்று பழித்தார்கள். நாமோ நிரலையே பழிப்போம்.

ஃப்ரேம் எனப்படும் சட்டகம் ஒவ்வொன்றையும் வரைந்தபின் 16 மில்லிநொடி உறங்குமாறு அதில் எழுதியிருந்தது. நொடிக்கு 60 சட்டகங்கள் வேண்டுமெனில் ஒன்றுக்கு 16.7 மில்லிநொடி என்பது கணக்கு. ஆனால், வரைவதற்கே 10 மில்லிநொடி செலவாகும் கணினியில் அந்த உறக்கமும் சேர்ந்தால் நொடிக்கு 38 சட்டகங்களே தேறும். உறங்க வேண்டியது மீதி நேரம் மட்டுமே. (இயங்குதளம் சொன்ன கணத்தில் எழுப்புவதில்லை என்பது தனிக்கதை.)

தாமதமே அழகாகிய ஆட்டமும் உண்டே எனலாம். 1978இல் தொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸில் 55 பகைவர்கள்; சட்டகத்துக்கு ஒருவரே நகர்வர். சுடப்பட்டு எண்ணிக்கை குறையக் குறைய எஞ்சியோர் விரைவர். எந்திரத்தின் இயலாமையில் பிறந்த அந்தப் பதற்றத்தை அவர் திருத்தாமல் விட்டது கலைஞனின் துணிவு. ஆயினும் அவர் நிரல் எழுதியது அறிந்த ஒரே எந்திரத்துக்கு. நம் நிரல் எவர் கணினியில் ஓடுமென்று யாரறிவார்?

ஆகவே கடிகாரத்தைப் பார்த்து, வேகத்தைக் கழிந்த நேரத்தால் பெருக்கி, அத்தொலைவு பந்தை நகர்த்துவதே முறை. அதிலும் ஒரு கண்ணி உண்டு. ஆடுபவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தேநீர் அருந்தி வருகிறார். அந்த 10 நிமிடத்தையும் நிரல் ஒரே சட்டகத்தின் கணக்கில் சேர்த்தால், பந்து சுவரைத் தாண்டி மறைந்துபோகும். நிறுத்திய பொழுதைக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும். மாணவி இப்போது அந்த வரியைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்.