அனுப்பாத தந்தி

நம்மவர் வீடுகளிலே மகனோ மகளோ எஞ்சினியராதல் வேண்டும் என்று விரும்பாத பெற்றோர் மிகச் சிலரே. கணிதத்திற் கெட்டித்தனம் இருந்தாற் போதும், மற்றவை தாமே வந்துசேரும் என்பது பலருடைய எண்ணம். கணக்கிலே பிழை நேர்ந்ததனால் மாத்திரமன்றி, ஐயம் தோன்றிய பின்பும் வேலையை நிறுத்தாமையாலும் எழுபத்தைந்து உயிர்கள் மாண்ட வரலாறு ஒன்றை இவ்வாரம் மாணவர்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

கனடா தேசத்திலே, கியூபெக் நகருக்கு அண்மையில், சென்ற் லோறன்ஸ் நதிக்குக் குறுக்கே ஒரு புகையிரதப் பாலம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கட்டப்படலாயிற்று. நதியின் இருபுறத்துத் தூண்களிலிருந்தும் கைநீட்டினாற்போல உருக்குச் சட்டங்கள் வளர்ந்து நடுவே வந்து கூடும் வகையான பாலம் அது. தூணுக்குத் தூண் இடைவெளி 1,800 அடி. அக்காலத்தில் அத்துணை நீளத்தை ஒரே எட்டில் தாண்டிய பாலம் உலகில் வேறெங்கும் இருந்ததில்லை.

ஆலோசக எஞ்சினியர் தியோடர் கூப்பர் என்பவர். பாலக் கலையில் அமெரிக்கா முழுதும் மதித்த பேரறிஞர். முதுமையும் உடல்நலக் குறைவும் அவரை நியூயோர்க்கிலேயே இருத்திவிட்டன. உருக்குவேலை நடந்த காலத்தில் அவர் ஒருமுறையேனும் கியூபெக்குக்குப் போனாரில்லை. முதலில் 1,600 அடியாக இருந்த இடைவெளியை 1,800 ஆக்கியவரும் அவரே. நீளம் கூடினாற் பாலத்தின் சொந்தப் பாரமும் கூடும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்ததொன்று. ஆயினும் அந்தப் பாரத்தை எவரும் புதிதாகக் கணக்கிடவில்லை. உருக்கு வந்திறங்கிய பின்னர், 1906ஆம் ஆண்டில், எடை எண்ணியதிலும் மிகுதி என்பது வெளிப்பட்டது. அப்பொழுது வேலை வெகுதூரம் சென்றுவிட்டது. தாங்கும் என்று கூப்பர் தீர்மானித்தார். அவருடைய திட்டத்தை வேறொருவர் மறுபார்வையிட வேண்டும் என்று அரசாங்கத் தரப்பில் முன்னொருகால் எழுந்த யோசனையையும் அவர் ஏற்கவில்லை, அரசாங்கமும் பணிந்துபோயிற்று. பெரும் புகழ் உடையவரைக் கேள்வி கேட்கக் கூசுவது நமக்கு மாத்திரம் உரிய குணமன்று போலும்!

1907 ஆவணி மாதம். தளத்தில் கூப்பரின் கண்ணாக இருந்தவர் நோர்மன் மக்ளூர் என்னும் இளைஞர். பாலத்தின் கீழ்ப்பகுதியிலே பெரும்பாரத்தைச் சுமந்த சட்டமொன்று முக்கால் அங்குலம் வளைந்திருந்ததை அவர் முன்பே கண்டிருந்தார். ஓகஸ்ட் 27ஆம் திகதி மீண்டும் அளந்தபோது வளைவு இரண்டேகால் அங்குலம். சட்டம் அசைந்துகொண்டிருக்கின்றது என்பதற்கு இதனிலும் வேறு சாட்சி வேண்டுமோ? பாலத்தை வழங்கிய கம்பெனியாரோ, அந்த வளைவு தொழிற்சாலையிலேயே உண்டாயிருக்க வேண்டும் என்றனர். பாலக் கம்பெனியின் எஞ்சினியர் ஹோர் என்பவர் தளத்திலேயே இருந்தார். வேலையை நிறுத்தும் பதவி அவருக்கு இருந்தது. அவர் நிறுத்தவில்லை, கூப்பரைக் கேட்டுவரும்படி மக்ளூரை நியூயோர்க்குக்கு அனுப்பினார்.

29ஆம் திகதி மத்தியானத்துக்குச் சற்று முன் மக்ளூர் கூப்பரைக் கண்டார். ஆபத்தை முதியவர் உடனே உணர்ந்தார். பாலத்தில் இனிப் பாரம் ஏற்றவேண்டாம் என்று தந்தி கொடுத்தார். எங்கே கொடுத்தார்? கியூபெக்குக்கன்று, பென்சில்வேனியாவிலே பீனிக்ஸ்வில் என்னும் ஊரிலிருந்த கம்பெனி அலுவலகத்துக்கு! கியூபெக்குக்கு மக்ளூர் தாம் அறிவிப்பதாக இருந்தது. பீனிக்ஸ்வில் புகையிரதத்தைப் பிடிக்கும் அவசரத்தில் அவர் அதைச் செய்யவில்லை. தந்தியைப் படித்த கம்பெனியார், மக்ளூர் வந்துசேரட்டும் என்று காத்திருந்தனர். அவர் வந்தார், பேசினர், காலையிற் பார்ப்போம் என்று முடிவு செய்தனர்.

அவ்வேளையிற் பாலத்தின்மேல் 86 தொழிலாளர் நின்றனர். மாலை ஐந்தரை மணி கடந்து சில நிமிடங்களில், ஏறக்குறைய 19,000 தொன் உருக்கு, பதினைந்து விநாடிகளில், நதியிலும் கரையிலும் சரிந்தது. மாண்டவர் 75 பேர்.

மக்ளூர்மீது பழிசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அளந்தவரும் எழுதியவரும் ஓடியவரும் அவரொருவரே. அந்நாளில் ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றை அறிந்திருந்தனர். அறிந்ததை அடுத்தவருக்குச் சொன்னதும் தம் கடமை தீர்ந்ததென்று கொண்டனர். தொழிலாளரை இறங்குங்கள் என்று சொல்ல ஒருவர் வாயும் திறக்கவில்லை. விசாரித்த அரச கமிஷன் 1908ஆம் ஆண்டு அறிக்கையில், கூப்பரும், பாலத்தை வரைந்த கம்பெனி எஞ்சினியர் ஸ்லாப்காவும் செய்த மதிப்பீட்டுத் தவறுகளே காரணம் என்று கூறியது. பாரந்தாங்கும் சட்டங்களின் பகுதிகளைப் பிணைத்த குறுக்குச் சலாகைகள் வலுவற்றிருந்தன என்பதும் தெளிவாயிற்று.

புதிய பாலம் கட்டினர். 1916இல் அதன் நடுப்பகுதியைத் தூக்குகையில் அது நழுவி நதியில் வீழ, மேலும் 13 பேர் இறந்தனர். 1917இல் நிறைவெய்திய அப்பாலத்தின்மேல் புகையிரதங்கள் இன்றும் ஓடுகின்றன.

கனடாவில் எஞ்சினியராகத் தேறுவோர் ஓர் உறுதிமொழி கூறி, வரையும் கையின் சிறுவிரலில் மோதிரம் அணியும் வழக்கம் 1925இல் தொடங்கியது. உறுதிமொழியை எழுதியவர் கவிஞர் கிப்ளிங். முதல் மோதிரங்கள் இடிந்த பாலத்தின் இரும்பினாற் செய்யப்பட்டவை என்று பலரும் சொல்வதுண்டு. அது கட்டுக்கதை.

இறந்தவருள் 33 பேர் மொன்றியலுக்கு அருகிலுள்ள கானவாகி என்னும் ஊரைச் சேர்ந்த மோஹாக் இனத்தவர். உயரத்தில் நின்று உருக்குவேலை செய்வதிற் பெயர்பெற்றவர்கள். அவர்களுடைய ஊர் மயானத்தில் உருக்குத் தூலங்களாலான சிலுவைகள் நிற்கின்றன.