ரம்பத் தகட்டில் செய்த உலு போலியா?

பாதி நிலவு போன்ற ஓர் எஃகு அலகு. அதன் வளைந்த விளிம்பு முழுவதும் கூர். கூருக்கு எதிர்ப்புறத்தில், அலகின் நடுவுக்கு நேர் மேலே குறுக்காக ஒரு கைப்பிடி. இதுவே உலு. கிரீன்லாந்து, கனடாவின் வடபகுதி, அலாஸ்கா ஆகிய பனி நாடுகளில் வாழும் இனுயிட் பெண்களின் கத்தி இது. (நம் பழைய பாடநூல்கள் எஸ்கிமோக்கள் என்று குறிப்பிட்ட மக்களுள் இவர்கள் பெரும்பகுதியினர். அது பிறர் இட்ட பெயர். இனுயிட் என்பது அவர்கள் தமக்குத் தாமே வைத்துக்கொண்ட பெயர். ‘மக்கள்’ என்பது அதன் பொருள்.) சீல் விலங்கின் தோலை உரிப்பது, தோலில் ஒட்டிய கொழுப்பைச் சுரண்டுவது, உடைக்கு வேண்டிய அளவில் தோலை வெட்டுவது, மீன் நறுக்குவது, குழந்தையின் முடியைக் கத்தரிப்பது வரை எல்லாவற்றுக்கும் இந்த ஒரு கருவியே துணை.

இன்று வடநாட்டு வீடுகளில் உலுவின் அலகு பெரும்பாலும் எதிலிருந்து வருகிறது தெரியுமா? தச்சர் கழித்துப்போட்ட பழைய கைரம்பத்திலிருந்து! இதைக் கேட்டதும் சிலர் முகம் சுளிக்கின்றனர். அருங்காட்சியகத்தில் சிலேட்டுக் கல் அலகும் கொம்புப் பிடியும் உள்ள உலுவைப் பார்த்தவர்கள் இவர்கள். “அதுதான் அசல், ரம்பத் தகட்டில் செய்தது போலி” என்பது இவர்கள் வாதம். இக்கருத்து முற்றிலும் தவறு என்பேன். கிடைத்த உலோகத்தை உலுவாக்குவதுதான் இனுயிட் மரபு. அந்த மரபுக்கு நூற்றாண்டுகளின் வயது உண்டு.

சற்று எண்ணிப் பாருங்கள். ஆர்க்டிக் நிலத்தில் காடு இல்லை. தாதை உருக்கி இரும்பு எடுக்க வேண்டிய கரிக்கு எங்கே போவது? ஆகவே சிலேட்டுக் கல் கிடைத்த இடத்தில் அதைத் தேய்த்துத் தேய்த்துக் கூராக்கினர். கனடாவில் காப்பர்மைன் ஆற்றுப் பகுதியில் செம்பு தனி உலோகமாகவே கிடைக்கும். அங்கிருந்தவர்கள் அதைத் தட்டி அலகு செய்தனர். வடமேற்குக் கிரீன்லாந்து மக்களின் கதை எல்லாவற்றிலும் விந்தையானது. அவர்களுக்கு இரும்பு வானத்திலிருந்து வந்தது!

1818ஆம் ஆண்டில் ஜான் ராஸ் என்னும் பிரிட்டிஷ் கப்பல் தலைவர் அப்பகுதிக்குச் சென்றார். அங்கிருந்த மக்களிடம் எலும்புப் பிடியில் சிறு சிறு இரும்புத் துண்டுகளை வரிசையாகப் பதித்த கத்திகளைக் கண்டு வியந்தார். அந்த இரும்பில் நிக்கல் கலந்திருந்தது. அது விண்கல் இரும்பு. கேப் யார்க் என்னுமிடத்தில் விழுந்த பெரிய விண்கற்களை எரிமலைப் பாறைக் கற்களால் அடித்து, செதில் செதிலாகப் பெயர்த்து எடுத்திருக்கின்றனர். அவ்வாறு அடித்துத் தேய்ந்த கற்கள் விண்கல்லைச் சுற்றிக் குவிந்து கிடந்தன. பெயர்த்த செதிலை அவர்கள் காய்ச்சவில்லை. குளிர்ந்த நிலையிலேயே தட்டித் தட்டித் தட்டையாக்கினர். இதில் அறிவியல் இருக்கிறது. விண்கல் இரும்பில் கார்பன் மிகக் குறைவு. அதைச் சிவக்கக் காய்ச்சி நீரில் அமிழ்த்தினாலும் எஃகு போல் கடினமாகாது. ஆனால் குளிர்ந்த நிலையில் அடிக்க அடிக்க உலோகப் படிகங்கள் நெரிந்து கடினம் ஏறும். ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்துப் பாருங்கள். வளைந்த இடம் விறைப்பதை விரலே உணரும்.

அந்த விண்கற்களின் பிற்காலக் கதையையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கரான ராபர்ட் பியரிக்கு 1894இல் உள்ளூர்க்காரர் ஒருவர் அவை இருக்குமிடத்தைக் காட்டினார். 1897க்குள் மூன்று பெரிய கற்களையும் பியரி கப்பலேற்றிவிட்டார். அவற்றுள் மிகப் பெரியது ஏறக்குறைய 31 டன் எடை. அவை நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு விற்கப்பட்டன. “இப்போது அம்மக்களுக்கு வணிகர் மூலம் இரும்பு கிடைக்கிறதே, விண்கல் எதற்கு?” என்பது அவர் தரப்பு நியாயம். இந்த நியாயத்தை நான் ஏற்கவில்லை. ஒருபுறம் பழம்பொருளை வாரிக்கொண்டு போவது, மறுபுறம் புதுப்பொருளில் செய்ததை அசல் அல்ல என்று ஒதுக்குவது. இரண்டும் சேர்ந்தால் அந்த மக்களுக்கு என்னதான் மிஞ்சும்?

கப்பல்களும் அவர்களுக்கு இரும்புச் சுரங்கங்களாயின. 1845இல் புறப்பட்ட பிராங்க்ளின் குழுவின் இரு கப்பல்களும் பனிக்கடலில் கைவிடப்பட்டன. 1859இல் மெக்ளின்டாக் அவர்களைத் தேடிச் சென்றபோது, அக்கப்பல்களின் இரும்பிலும் மரத்திலும் செய்த கத்திகளை இனுயிட் மக்களிடம் விலை கொடுத்து வாங்கினார். 1853இல் பேங்க்ஸ் தீவருகே கைவிடப்பட்ட ‘இன்வெஸ்டிகேட்டர்’ கப்பலுக்கும் அப்பகுதி மக்கள் பல ஆண்டுகள் சென்று உலோகம் எடுத்துவந்தனர். விண்கல்லிலும் கப்பல் ஆணியிலும் செய்தது அசல் என்றால், தச்சரின் ரம்பத்தில் செய்தது மட்டும் எப்படிப் போலியாகும்?

பொருள் மாறியது, வடிவம் மாறவில்லை. காரணம் உண்டு. சாதாரணக் கத்தியில் பிடி ஒரு முனையில், வெட்டுமிடம் வேறோர் இடத்தில். அதனால் ஒரு திருப்புத்திறன் உண்டாகிறது. அதைத் தாங்க மணிக்கட்டு உழைக்க வேண்டும். உலுவில் கையும் கூரும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன. அமுக்கும் விசை முழுவதும் நேரே கூருக்கு இறங்குகிறது. மேலும் விளிம்பு வளைந்திருப்பதால் எந்நேரமும் அதன் ஒரு சிறு பகுதியே பொருளைத் தொடுகிறது. பரப்பு குறைந்தால் அழுத்தம் மிகும் என்பது நீங்கள் வகுப்பில் படித்ததுதான். உறைந்த இறைச்சியையும் ஒரு கையால் ஆட்டி ஆட்டி வெட்ட முடிவது இதனால்தான்.

இனி ரம்பத்துக்கு வருவோம். நல்ல பழைய கைரம்பத்தின் எஃகில் கார்பன் சுமார் 0.8 சதவீதம் இருக்கும். அது ஆலையிலேயே பதம் ஏற்றப்பட்டது. பற்கள் மழுங்கினால் முக்கோண அரத்தால் தீட்டுகிறார்கள் அல்லவா? அப்படியானால் அந்த எஃகு சாதாரண இரும்பைவிடக் கடினம், அரத்தைவிட மெது. இந்த இடைப்பட்ட பதம்தான் நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம். உலையும் துருத்தியும் இல்லாமல், அரத்தாலும் ஹாக்ஸா பிளேடாலும் வீட்டிலேயே உலு செய்யலாம்; கூரும் நிற்கும். இந்நாளில் விற்கும் சில ரம்பங்களின் பல் நுனிகள் மட்டும் மிகக் கடினமானவை. அரம் அவற்றில் வழுக்கும். அந்தப் பல்வரிசையை ஒதுக்கிவிட்டு உட்பகுதியை எடுத்துக்கொள்க.

முதலில் அட்டையில் வடிவம் வெட்டுங்கள். அதை ரம்பத்தில் எங்கே வைப்பது என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பிடி இருந்த அகன்ற முனையில் திருகாணித் துளைகள் முன்பே உண்டு. உலுவின் காம்பு அந்தத் துளைகள் மேல் விழும்படி அட்டையை வைத்தால், கடின எஃகில் துளையிடும் தொல்லை இல்லை. ரம்பத்தின் மரப்பிடியை அறுத்தே உலுவுக்குப் பிடி செய்துகொள்ளலாம். மரத்தில் பிளவு அறுத்து, காம்பைச் செருகி, துளை வழியே பித்தளை ஆணி இறக்கி இருபுறமும் தட்டிவிட வேண்டும்.

சாணைச் சக்கரத்தில் வேலை விரைவில் முடியும் என்று யாரேனும் ஆசை காட்டுவார்கள். வேண்டாம் என்பதே என் யோசனை. தகடு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் கனமே உள்ளது. சக்கரத்தின் உராய்வில் அதன் மெல்லிய விளிம்பு கண்ணிமைக்கும் நேரத்தில் சூடேறும். தேய்த்துப் பளபளப்பாக்கிய எஃகு ஏறக்குறைய 220 டிகிரி செல்சியசில் வைக்கோல் மஞ்சளாகும். பின்பு பழுப்பு, ஊதா. 300ஐ நெருங்கும்போது நீலம். நீலமும் கடந்து சாம்பல் நிறமாகிவிட்டால் ஆலையில் ஏற்றிய பதம் போயிற்று. அதன்பின் எவ்வளவு தீட்டினாலும் கூர் ஓரிரு நாளில் மடங்கும். அரம் மெதுவாகத்தான் தின்னும். ஆனால் விரலால் தொட்டுப் பார்க்கக்கூடிய சூட்டிலேயே வேலை நடக்கும்.

தகட்டை வைஸில் இறுக்கிய பிறகே அரத்தை எடுங்கள். கண்ணாடி அணியுங்கள். விளிம்பைக் கூராக்கும் கட்டத்தில் வீட்டுப் பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும். இருபுறமும் சுமார் 20 டிகிரிச் சரிவு போதும். அரத்துக்குப் பின் எமரித்தாள், அதற்குப் பின் எண்ணெய் தடவிய தீட்டுக்கல். செய்து முடித்ததைத் தோழர்களுக்குக் காட்டும் ஆவல் எழும். அவர்களை வீட்டுக்கு அழையுங்கள். கத்தியைப் பள்ளிக்கு எடுத்துச் செல்ல வேண்டாம்.

இந்த எஃகு துருப்பிடிக்கும். எலுமிச்சை நறுக்கினால் கறுக்கவும் செய்யும். கறுப்பு குறையன்று. கழுவித் துடைத்து ஒரு துளி எண்ணெய் தடவிவைத்தால் துரு அணுகாது. ஒரு ரம்பத்தில் ஓர் உலு செய்தபின் தகடு மிஞ்சும். இனுயிட் வீடுகளில் தையல் வேலைக்குச் சிறிய உலு, இறைச்சி வெட்டப் பெரிய உலு என்று பல அளவுகள் உண்டு. மிச்சத் தகட்டில் முதலில் அந்தச் சிறியதைச் செய்து பாருங்கள்.