இடி விழுந்தது யார் பொறுப்பு?

மழையிலும் புயலிலும் வேலை செய்யும் கூலியாள் செத்துப்போனால் உடனே ஒரு வார்த்தை தயாராகிவிடுகிறது: 'இயற்கைச் சீற்றம்'. 'விதி, நாம என்ன பண்ண முடியும்' என்கிறது ஊர். அரசு நிவாரணம் அறிவிக்கிறது. அந்த நேரத்தில், அந்த இடத்தில் நின்று வேலை செய்யச் சொன்னது யார் என்ற கேள்வியைப் பிணத்தோடு சேர்த்துப் புதைத்துவிடுகிறார்கள்.

நிவாரணம் வேறு, நஷ்ட ஈடு வேறு. நிவாரணம் ஆள்பவன் இரக்கப்பட்டுப் போடுவது. நஷ்ட ஈடு, வேலை வாங்கியவன் சட்டப்படி கட்ட வேண்டிய கடன். நாம் முதலாவதை வாங்கிக்கொண்டு இரண்டாவதை மறந்துபோகிறோம் என்பதுதான் என் வாதம்.

ராஜஸ்தானில் வேலைத்தளத்தில் மின்னல் தாக்கி ஒரு பெண் இறந்தார். மின்னலுக்கு நாங்கள் பொறுப்பா என்று உச்சநீதிமன்றம் வரை போனது அந்த மாநில அரசு. மின்னல் இயற்கைதான், ஆனால் அங்கே வேலை செய்துகொண்டிருந்ததால்தான் அந்த ஆபத்துக்கு அவர் ஆளானார் என்று சொல்லி நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. ராஜஸ்தான் அரசு எதிர் ராம்பிரசாத் என்னும் இவ்வழக்கு 2001ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் உள்ளது. மாணவத் தோழர்கள் தேடிப் படிக்க வேண்டும்.

இதற்கு அடிப்படை 1923ஆம் ஆண்டின் நஷ்ட ஈட்டுச் சட்டம். அதன் 12ஆம் பிரிவு, காண்ட்ராக்டர் மூலம் வேலை வாங்கினாலும் மேலே இருக்கும் முதலாளியைத் தப்பவிடவில்லை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதன் இடத்துக்கு வந்தாலும் முதலாளியின் பொறுப்பு ஒழிந்துவிடவில்லை. ஆனால் 1923இல் அட்டவணை போட்டவர்களின் கண்ணுக்கு ஆலை, சுரங்கம் போன்றவைதான் தெரிந்தன. பின்னால் விவசாயத்தைச் சேர்த்தபோதும் முதலில் டிராக்டரும் இயந்திரமும்தான் தெரிந்தன. சேற்றில் குனிந்து களை பறிக்கும் சேரிப் பெண் அப்போது தெரியவில்லை. இது தற்செயலா?

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையின் அழுகலை அள்ள வெளி மாவட்டங்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அந்த வேலையில் பெரும்பாலும் நம் சாதிகள்தான் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. சிவப்பு எச்சரிக்கை வந்தால் பள்ளிக்கூடத்துக்கு லீவு. துடைப்பத்துக்கு லீவு இல்லை. 'வரலேன்னா நாளைக்கு வேலை இல்ல' என்று மேஸ்திரி சொன்னால் அது அழைப்பா, கட்டாயமா?

1938இல் பம்பாய் சட்டமன்றத்தில் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்த அம்பேத்கர், விருப்பத்துக்கு மாறாக ஒருவனை உழைக்க வைப்பது அடிமைத்தனம் என்று வாதாடினார். உயிருக்கு ஆபத்தென்று தெரிந்தும் மறுக்க முடியாதவனின் நிலை அதுதான்.

எனவே நாம் கேட்க வேண்டியவை: சிவப்பு எச்சரிக்கை நாளில் வெளிவேலைக்குச் சம்பளத்தோடு விடுப்பு, மறுத்தவரை நீக்கத் தடை, மீறி வேலை வாங்கியவர் மீது வழக்கு, வயல்காட்டுக் கூலிகள் எல்லோருக்கும் நஷ்ட ஈட்டு உரிமை. சாவு நடந்த வீட்டுக்குப் போகும் தோழர்கள் மாலையோடு ஒரு நோட்டும் கொண்டுபோங்கள். யார் கூப்பிட்டது, எத்தனை மணிக்கு, கூட இருந்தது யார் என்று அன்றைக்கே எழுதி வாங்குங்கள். நிவாரணச் செக்கோடு வரும் அதிகாரி இதையெல்லாம் கேட்கமாட்டார்.